நெரிஸ்ஸாவுக்கு ஒரு தேர்வு எண்

கெரால்ட்ஸ், மொன்செராட்
20 அக்டோபர் 1996

அன்புள்ள நெரிஸ்ஸா,

கர்த்தர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம். சித்தியின் முதுகுவலி எப்படி இருக்கிறது? தம்பிகள் இரண்டு பேரும் ஆன்டிகாவை இன்னும் விட்டுவைத்திருக்கிறார்களா?

நாங்கள் சர்ச் கூடத்தில்தான் இருக்கிறோம். எரிமலை வெடிக்கத் தொடங்கியதிலிருந்து தெற்கே, நம் வீடுகள் இருந்த பக்கம் போக யாருக்கும் அனுமதி இல்லை. கூடத்தைப் படுக்கை விரிப்புகளால் தடுத்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மூலை. பக்கத்து மூலையில் மிஸஸ் ஸ்வீனி. அவர் குறட்டை விட்டால் எரிமலைதான் என்று நினைத்து எல்லோரும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறோம். உங்களோடு படகேறியிருக்கலாம் என்று ஒரு நாள் சொன்னேன். அம்மா என்னைப் பார்த்த பார்வைக்கு மலையே மேல். "இந்தத் தீவக் கடைசியாப் பூட்டுறப்போ சாவிய என் கையிலதான் குடுப்பாங்க. நீ வேணா போ" என்றாள்.

பள்ளி கூடாரத்தில் நடக்கிறது. மே மாதம் பரீட்சை உண்டாம். எனக்குக் கணக்கில் தேறியாக வேண்டும். இல்லாவிட்டால் நர்ஸ் படிப்புக்கு என் பெயரைக்கூடப் பார்க்கமாட்டார்கள். நீ பக்கத்து பெஞ்சில் இருந்தவரைக்கும் எனக்குக் கவலை இல்லை. இப்போது அந்த இடத்தில் ஒரு மண்ணெண்ணெய் டின் இருக்கிறது.

அதனால் கேட்கிறேன், சிரிக்காதே. மைனஸை மைனஸால் பெருக்கினால் எப்படி ப்ளஸ் ஆகும்? மிஸ் கலோவே "அது விதி" என்கிறார். இரண்டாவது, வழி சரியாக இருந்து விடை தப்பாகிவிட்டால் மொத்த மார்க்கும் போய்விடுமா?

உன் புதுப் பள்ளி எப்படி? எல்லாம் எழுது. இங்கே இருக்கிற ஒரே போனுக்குக் கோழிக்கடை வரிசை. கடிதத்தைப் படகில் வருகிற யார் கையிலாவது கொடு.

உன் அக்கா (மூன்று மாதம்தான் மூத்தவள் என்றாலும் அக்காதான்),
கார்லீன்


செயின்ட் ஜான்ஸ், ஆன்டிகா
3 நவம்பர் 1996

அன்புள்ள கார்லீன்,

எல்லோரும் நலம். அம்மாவுக்கு முதுகு அப்படியேதான். பெரியம்மாவுக்கு என் முத்தம்.

விதி என்றால் மறந்துபோகும். இப்படிப் பார். மைனஸ் மூன்றை இரண்டால் பெருக்கு: மைனஸ் ஆறு. ஒன்றால் பெருக்கு: மைனஸ் மூன்று. சைபரால்: சைபர். ஒவ்வொரு படிக்கும் மூன்று மூன்றாக ஏறிக்கொண்டே வருகிறதா? அடுத்த படி மைனஸ் ஒன்று. அங்கே வந்ததும் ஏறுவதை நிறுத்த அதற்கு என்ன காரணம்? அது ப்ளஸ் மூன்று ஆகித்தான் தீரும்.

வழிக்கு மார்க் உண்டு. விடைக்கு அதில் ஒரு பங்குதான். அதனால் தப்பென்று தோன்றினாலும் ரப்பர் போட்டு அழிக்காதே. ஒரு கோடு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுது. நீ அழிக்கிற ஆள், எனக்குத் தெரியும்.

அவசரமாக எழுதுகிறேன். கூப்பிடுகிறார்கள்.

நெரிஸ்ஸா


கெரால்ட்ஸ்
24 நவம்பர் 1996

அன்புள்ள நெரிஸ்ஸா,

நாங்கள் சுகம், தூசிதான் அதிகம், அம்மாவுக்குக் கொஞ்சம் இருமல். நீங்கள் சுகமா?

மைனஸ் புரிந்துவிட்டது! வகுப்பில் எழுந்து சொன்னேன். மிஸ் கலோவே சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "இது யாரு சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார். "நெரிஸ்ஸா ஃபென்டன், மிஸ்." "அவளா? அவள அனுப்பிட்டு என்னை இங்க வெச்சுட்டாங்களே" என்று பெருமூச்சு விட்டார்.

உன் கடிதம் ஏன் சோப்பு வாசனை அடிக்கிறது? ஆன்டிகாவில் எல்லோரும் அவ்வளவு சுத்தமா? உன் பள்ளியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே. சீருடை என்ன நிறம்? பையன்கள் பார்க்கிற மாதிரி இருக்கிறார்களா?

இந்த வாரம் திசைக்கோணம். "A-இலிருந்து B-இன் திசை" என்று கேட்டால் நான் எங்கே நிற்பது? ஒவ்வொரு தடவையும் தப்பான இடத்தில் நின்றுவிடுகிறேன். இன்னொன்று, பழைய வினாத்தாள்களை விடையோடு படிக்கிறேன். எல்லாம் புரிகிறது. மூடிவிட்டுப் போட்டால் ஒன்றும் வரவில்லை. எனக்கு மூளை இல்லையா?

பதிலுக்குக் காத்திருக்கும்
கார்லீன்


செயின்ட் ஜான்ஸ்
15 டிசம்பர் 1996

அன்புள்ள கார்லீன்,

நலம். பெரியம்மாவின் இருமல் குறைந்ததா? சாம்பல் விழும்போது முகமூடி போடச் சொல். கேட்கமாட்டார், ஆனாலும் சொல்.

உனக்கு மூளை இருக்கிறது. விடையைப் பார்த்துப் புரிந்துகொள்வது இன்னொருத்தி நடனமாடுவதைப் பார்ப்பது மாதிரி. பார்க்கும்போது சுலபமாகத்தான் தெரியும், நாம் எழுந்தால்தான் கால் பின்னும். ஒரு கணக்கை எடு. விடையை மூடு. சிக்கினால் ஒரு வரி மட்டும் பார், மறுபடி மூடு. ஒரு வாரம் கழித்து அதே கணக்கைத் திரும்பப் போடு. பத்து வினாத்தாளைப் படிப்பதைவிட இரண்டைப் போடுவது மேல்.

திசைக்கோணம். "இலிருந்து" என்கிற சொல் எந்த ஊரோடு ஒட்டியிருக்கிறதோ அந்த ஊரில் நில். வடக்கைப் பார். அப்புறம் வலப்பக்கமாகத் திரும்பு. உன் கடற்கரையில் நின்று என்னைத் தேடினால் வடகிழக்கே ஐம்பது பாகை திரும்புவாய் என்று வை. நான் இங்கே நின்று உன்னைத் தேடினால் இருநூற்று முப்பது. வித்தியாசம் எப்போதும் நூற்றெண்பது. மதியம் சாப்பாட்டு நேரத்தில் நான் சில சமயம் அந்தப் பக்கம் திரும்பி நிற்கிறேன். மேகம் மாதிரி ஒன்று தெரியும். உங்கள் புகைதான்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். புளி உருண்டை கொஞ்சம் அனுப்பியிருக்கிறேன்.

நெரிஸ்ஸா


கெரால்ட்ஸ்
12 ஜனவரி 1997

அன்புள்ள நெரிஸ்ஸா,

புத்தாண்டு வாழ்த்துகள். எல்லோரும் சுகமா? புளி உருண்டையில் பாதி மிஸஸ் ஸ்வீனிக்குப் போய்விட்டது. அன்று அவர் குறட்டை விடவில்லை.

மாதிரித் தேர்வில் பாதிக்கு மேல் வாங்கிவிட்டேன்! "யார பாத்து எழுதின?" என்று எல்லோரும் கேட்டார்கள். "கடல் தாண்டிப் பாத்தேன்" என்றேன். எல்லாம் உன்னால். நன்றி என்று எழுதினால் நீ முகத்தைச் சுளிப்பாய். எழுதிவிட்டேன், சுளித்துக்கொள்.

எங்களுக்குத் தேர்வு எண் வரப்போகிறது. உன் எண் வந்துவிட்டதா? மறக்காமல் எழுது. ஆகஸ்டில் முடிவு வரும்போது முதலில் உன்னுடையதைத்தான் பார்ப்பேன்.

கார்லீன்


கெரால்ட்ஸ்
2 பிப்ரவரி 1997

நெரிஸ்ஸா,

சுகமா? மூன்று வாரமாகிறது. படகு வருகிற ஒவ்வொரு தடவையும் ஆளனுப்பிக் கேட்கிறேன், உன்னிடமிருந்து ஒன்றுமில்லை. கோபமா? தேர்வு எண்ணைத்தானே கேட்டேன்? யாருக்காவது உடம்பு சரியில்லையா? ஒரு வரி போடு. கணக்கு வேண்டாம், நீ இருக்கிறாய் என்று எழுதினால் போதும்.

கார்லீன்


செயின்ட் ஜான்ஸ்
9 பிப்ரவரி 1997

கார்லீன் கண்ணு,

கர்த்தர் கிருபையால இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். உங்கம்மாகிட்ட அவ தங்கச்சி தினமும் ஜெபத்துல நினைக்கிறான்னு சொல்லு.

நெரிஸ்ஸா எழுத மாட்டா. நான் எழுதறேன்னு அவளுக்குத் தெரியாது. நீ எண் கேட்டு எழுதின கடிதத்தப் படிச்சிட்டு அத மடிச்சு மடிச்சு தபால்தலை அளவுக்கு ஆக்கிட்டா. அவளுக்கு எண் எதுவும் கிடையாதும்மா. செப்டம்பர்லயே பள்ளிக்கூடத்த நிறுத்திட்டா. அங்க சேத்துக்கிட்டாங்க, நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க, குத்தம் சொல்லக் கூடாது. என் முதுகு போச்சு. விருந்தினர் விடுதியில துணி வெளுக்கற வேலை எனக்குத்தான் குடுத்தாங்க. என்னால குனிய முடியல. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம ஒரு நாள் காலையில அவளே போயி என் இடத்துல நின்னுட்டா. "பசங்க ரெண்டு பேரும் படிக்கட்டும்மா, நான் அடுத்த வருஷம் பாத்துக்கறேன்"னா. எந்த அடுத்த வருஷம்னு நான் கேக்கல.

ஆனா உன் கடிதம் வந்த நாளெல்லாம் எனக்குத் தெரிஞ்சிடும். சோறு ஆறிக்கிட்டிருக்கும், இவ பென்சில வெச்சுக்கிட்டு முணுமுணுத்துக்கிட்டிருப்பா. அப்ப மட்டும்தான் பழைய நெரிஸ்ஸா. அதனால கெஞ்சிக் கேக்கறேன், கேள்வி கேக்கறத நிறுத்திடாத.

அன்புடன்
சித்தி ஓரா


கெரால்ட்ஸ்
16 பிப்ரவரி 1997

அன்புள்ள நெரிஸ்ஸா,

சுகம் விசாரிக்கப் போவதில்லை. நீ உண்மையைச் சொல்லமாட்டாய் என்று தெரிந்துவிட்டது.

சித்தியைத் திட்டாதே. திட்டினால் நான் படகேறி வருவேன்.

சித்தி எழுதிய கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக மிஸ் கலோவேயிடம் போனேன். அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "உக்காரு" என்றார். "வேண்டாம் மிஸ்." "நான் என்னைச் சொல்லிக்கிட்டேன்" என்று அவரே உட்கார்ந்தார். பிறகு, தாமதமாகப் பெயர் கொடுக்க இந்த வெள்ளிதான் கடைசி என்றார். "அவ இங்க அஞ்சு வருஷம் படிச்ச பொண்ணு. இங்க எழுதறத யாரு தடுக்கறாங்கன்னு பாக்கறேன்" என்று குடையை எடுத்துக்கொண்டு சாம்பல் மழையில் தேர்வு அலுவலகத்துக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். அங்கே இருந்தவர், "அந்தப் பொண்ணு வருமா?" என்று கேட்டார். மிஸ் என்னைப் பார்த்தார். நான் யோசிக்கவே இல்லை. "வரும் சார்" என்றேன்.

ஆகவே உனக்கு ஒரு தேர்வு எண் இருக்கிறது. என்னுடையதற்கு அடுத்த எண். இந்தக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

இப்போது கேள்வி: வெக்டர் எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை. முதலிலிருந்து சொல்.

கார்லீன்


செயின்ட் ஜான்ஸ்
2 மார்ச் 1997

கார்லீன்,

உன் நல்ல மனசுக்கு நன்றி. ஆனால் நீ என்னைக் கேட்காமல் செய்திருக்கக் கூடாது. நான் வந்தால் இங்கே என் இடத்தில் யார் நிற்பது? ஈஸ்டருக்குப் பிறகு விடுதி நிறைந்து வழியும். இரண்டு தாளுக்கும் நடுவே நாள் இருக்கிறது, ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். வேறு ஆளைப் போட்டுவிட்டால் வேலை போனதுதான். அம்மாவால் தம்பியின் ஷூவைக்கூடக் கட்டிவிட முடியவில்லை. நீ பெயரை எடுத்துவிடச் சொல். எனக்கு வருத்தமில்லை.

வெக்டருக்கு இரண்டு பக்கம் தனியாக வைத்திருக்கிறேன். படம் போட்டுப் பார்.

நெரிஸ்ஸா


கெரால்ட்ஸ்
9 மார்ச் 1997

நெரிஸ்ஸா,

நான் உன் பெரியம்மா அடீனா எழுதறேன். கார்லீன் உன் கடிதத்தப் படிச்சுட்டு அழுதா. எனக்கு அழத் தெரியாது, அதனால எழுதறேன்.

உன் இடத்துல நான் நிக்கறேன். நான் வெளுக்காத துணியா? மே மாசம் உன் படகு இங்க வரும்போது அதே படகுல நான் அங்க போவேன். உன் முதலாளியம்மாகிட்ட சொல்லிடு, வர்றவ உன்ன விட நல்லா வெளுப்பான்னு.

நான் தீவ விட்டுப் போறேன்னு ஊரெல்லாம் பேச்சு. பேசட்டும். சாவிய மிஸஸ் ஸ்வீனிகிட்ட குடுத்திருக்கேன்.

பரீட்சைக்கு முந்தி வயிறு நிறைய சாப்பிடணும். ஓராவுக்கு என் முத்தம்.

அடீனா


கெரால்ட்ஸ், மொன்செராட்
25 மே 1997

அன்புள்ள அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும்,

நாங்கள் இரண்டு பேரும் நலம். பெரியம்மா, விடுதியில் எல்லோரையும் மிரட்டாமல் இருக்கிறீர்களா? அம்மா, நீங்கள் குனியாமல் இருக்கிறீர்களா?

படகுத்துறையில் உங்களைக் கட்டிக்கொள்ளக்கூட நேரமில்லை, பெரியம்மா. நீங்கள் ஏற, நான் இறங்க, "மூஞ்சி ஏன் இப்படி இளைச்சுக் கெடக்கு?" என்று கத்தினது மட்டும் காதில் விழுந்தது. இங்கே மிஸஸ் ஸ்வீனி எனக்கு உங்கள் கட்டிலைக் கொடுத்தார். முதல் நாள் ஆட்டுக்கறிக் குழம்பு. சர்ச்சில் இருக்கிற யாரோ ஒருவர் தன் கடைசி ஆட்டை அடித்தாராம். யார் என்று கேட்டேன், சொல்லவில்லை.

பெரிய தாள் முடிந்தது. எப்படி நடந்தது என்று சொல்கிறேன். காலையில் வானம் தெளிவாக இருந்தது. பரீட்சைக்கென்று ஒதுக்கிய கூடத்தில் எழுத ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் மலை உறுமியது. சாம்பல் வந்துவிட்டது. ஜன்னல்களைச் சாத்தினார்கள். கூடம் இருட்டிப்போனது. எல்லோரும் முகமூடியை மாட்டிக்கொண்டோம். கண்காணிப்பாளர் இரண்டு கேஸ் விளக்கு கொண்டுவந்து வைத்து, "பிள்ளைங்களா, இத நிறுத்தணும்னா சொல்லுங்க" என்றார். ஒருவரும் நிமிரவில்லை. பின்னாலிருந்து ஒரு பையன் மட்டும், "சார், விளக்க கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க" என்றான். அவ்வளவுதான். தாளில் விழுந்த சாம்பலை ஊதி ஊதி எழுதினோம்.

எனக்கு முதலில் ஒன்றும் வரவில்லை. எட்டு மாதமாகத் துணியைத் தவிர எதையும் தொடாத கை. கேள்வியைப் படிக்கிறேன், எழுத்து எழுத்தாகத் தெரிகிறது, அர்த்தம் ஏறவில்லை. முன் பெஞ்சில் கார்லீனின் முதுகு. அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். அவள் கேட்டிருந்தால் என்ன பதில் எழுதியிருப்பேன் என்று யோசித்தேன். அன்புள்ள கார்லீன், முதலில் படம் போடு. படம் போட்டேன். அதற்குப் பிறகு கை நிற்கவில்லை.

வெளியே வந்ததும் மிஸ் கலோவே எங்கள் இரண்டு பேர் முகத்தையும் கைக்குட்டையால் துடைத்துவிட்டார். "வெக்டர் போட்டியா?" என்று என்னைக் கேட்டார். "போட்டேன் மிஸ். கார்லீனுக்குத்தான் அது கஷ்டம், பாவம்" என்றேன். அவர் சிரித்தார். "கார்லீனுக்கா? வெக்டர்ல வகுப்புலயே அவதான் முதல். ஜனவரியிலயே முடிச்சுட்டாளே!"

நான் கார்லீனைப் பார்த்தேன். அவள் ஷூவில் இருந்த சாம்பலைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரிக்குப் பிறகு அவள் எனக்கு எழுதிய கேள்விகளை எல்லாம் யோசித்துப் பார்த்தேன், அம்மா. வெக்டர், மேட்ரிக்ஸ், வட்டத் தேற்றம். பாடத்திட்டத்தில் இருக்கிற வரிசை அப்படியே. நான் பள்ளியில் படிக்காமல் விட்டது ஒன்றுகூட மிச்சமில்லை. "ஏன்டி?" என்று கேட்டேன். "எனக்கு சந்தேகம் இருந்துச்சு, கேட்டேன். அக்கா கேட்டா பதில் சொல்லணும்" என்றாள்.

புதன்கிழமை அடுத்த தாள். முடிந்ததும் வருகிறேன்.

உங்கள் மகள்
நெரிஸ்ஸா


செயின்ட் ஜான்ஸ், ஆன்டிகா
29 ஜூன் 1997

அன்புள்ள அக்கா,

புதன்கிழமை மலை பெரிதாக வெடித்தது என்று கேட்டோம். நீயும் பெரியம்மாவும் உயிரோடு இருக்கிறீர்கள் என்று விடுதி முதலாளியம்மாவின் போனில் தெரிந்த பிறகுதான் நாங்கள் சாப்பிட்டோம். இறந்தவர்களின் பெயர்களை ரேடியோவில் படித்தபோது அம்மா என் கையை விடவே இல்லை. விமான நிலையமும் போய்விட்டதாமே. பெரியம்மாவை நான்தான் திருப்பி அனுப்பினேன் என்று மனசு அடித்துக்கொள்கிறது.

உனக்கு நான் எழுத வேண்டிய கடிதம் ஒன்று பாக்கி இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும்போது சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமலே படகேறிவிட்டேன். நான் பள்ளியை விட்டதை உன்னிடம் சொல்லாததற்குக் காரணம் வெட்கம் இல்லை. உன் கடிதங்களில் மட்டும் நான் இன்னும் மாணவியாக இருந்தேன். சொன்னால் அதுவும் போய்விடும் என்று பயந்தேன். நீ தெரிந்துகொண்ட பிறகும் என்னை அங்கிருந்து வெளியே அனுப்பவில்லை. இன்னும் கஷ்டமான கேள்வியாகக் கேட்டாய்.

முடிவு எப்படி வந்தாலும் நன்றி. முகத்தைச் சுளித்துக்கொள்.

இங்கே வந்துவிடுங்கள். பெரியம்மாவிடம் சொல்லிப் பார்.

தங்கை
நெரிஸ்ஸா


கெரால்ட்ஸ், மொன்செராட்
24 ஆகஸ்ட் 1997

அன்புள்ள நெரிஸ்ஸா,

சுகம், சுகம், சுகம்! உட்கார்ந்துகொண்டு படி. சித்தியையும் உட்கார வை.

நேற்று முடிவு வந்தது. சொன்னபடி உன்னுடையதைத்தான் முதலில் பார்த்தேன். முதல் நிலை. மிஸ் கலோவே திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எழுதினது பாதி இருட்டுல" என்று எல்லோரிடமும் சொன்னார். எனக்கு இரண்டாம் நிலை. தேறிவிட்டேன்டி! ஆனால் மைதானத்தில் நின்று நான் கத்தினது உனக்காகத்தான். எனக்காகக் கத்த மறந்தே போனேன், மிஸஸ் ஸ்வீனி கத்தினார்.

இன்னொரு செய்தி. இங்கிலாந்து அரசு நம் ஆட்களை அங்கே கூட்டிக்கொள்கிறதாம், பாதி ஊர் பெயர் கொடுத்துவிட்டது. அம்மாவும் மூட்டை கட்டிவிட்டாள், ஆனால் இங்கிலாந்துக்கு இல்லை. "குளிர்ல போயி யாரு சாகறது" என்கிறாள். மே மாதத்தில் இருந்தே உன் முதலாளியம்மா அவளைக் கேட்டுக்கொண்டிருந்தாராம், என்னிடம்கூடச் சொல்லவில்லை. உன் வேலை இனி அவளுடையது. உன்னிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டேன். "என்ன சொல்றது? அவ படுக்கை விரிப்ப மடிக்கிற லட்சணத்துக்கு, நான் போகலேன்னா அந்த விடுதிய இழுத்து மூட வேண்டியதுதான். அவள காலேஜுக்குப் போகச் சொல்லு, அங்கயாவது உருப்படட்டும்" என்றாள். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி ரொம்ப நேரம் பெட்டிக் கயிற்றையே கட்டிக்கொண்டிருந்தாள்.

ஆன்டிகாவிலும் நர்ஸ் பயிற்சி இருக்கிறதாம், விசாரித்துவிட்டேன். உங்கள் ஒற்றை அறையில் ஆறு பேர் எப்படிப் படுப்பது என்று யோசித்து வை. கணக்கில் நீதானே கெட்டிக்காரி.

வியாழக்கிழமை படகில் வருகிறோம். இதற்குப் பதில் எழுதாதே. துறைக்கு வா.

உன் அக்கா
கார்லீன்